கல் ஊன்றும் முன் கேளுங்கள்: இரண்டு அமைச்சகங்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகம்,
மத்திய சுற்றுச்சூழல், வனம் மற்றும் காலநிலை மாற்ற அமைச்சகம்,
புது தில்லி.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம்.

போன மாதம் ஒரு தமிழ் நாளிதழின் உள்பக்கம் முழுவதும் எங்கள் ஊர்க் காடுகழனிதான். 1956-ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம், பிரிவு 3ஏ-யின் கீழ் நிலம் எடுக்கப்போவதாக நீங்கள் கொடுத்த அறிவிக்கை. கிராமம், சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, பட்டாதாரர் பெயர் என்று பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டிய எழுத்தில் அச்சாகியிருந்தது. அதில் என் தாத்தாவின் பெயரும் இருக்கிறது. அவர் காலமாகிப் பல வருடமாகிறது, கூட்டுப் பட்டாவில் இன்னும் பெயர் மாறவில்லை. ஆட்சேபணை ஏதும் இருந்தால் 21 நாட்களுக்குள் அவர் எழுத்துமூலம் தெரிவிக்கலாமாம்.

இதே எண்களுக்கு இதே அறிவிக்கை முன்பும் ஒரு முறை வந்தது. அதிலிருந்து ஓராண்டுக்குள், நிலத்தை எடுப்பது உறுதி என்று சொல்லும் 3டி பிரகடனம் வராவிட்டால் அறிவிக்கை செல்லாமல் போய்விடும் என்பது சட்டம். வரவில்லை, செல்லாமல் போனது. ஊரில் சிலர் பொங்கல் கூட வைத்தார்கள். இப்போது மறுபடி முதலிலிருந்து. கூடுதலாகச் சில உட்பிரிவுகள் மட்டும் சேர்ந்திருக்கின்றன.

திட்டத்தின் கதை உங்களுக்குத் தெரியும், கோப்பு உங்களிடம்தான் இருக்கிறது. எந்தச் சாலை, எந்த மாவட்டம் என்று வேண்டுமென்றே எழுதாமல் விடுகிறேன். எழுதினால் அந்த ஒரு சாலைக்கு மட்டும் விளக்கம் வரும். நான் கேட்பது இனி வரப்போகும் எல்லாச் சாலைகளுக்கும் சேர்த்து. கோரிக்கை ஒன்றுதான்: புதிய தேசிய நெடுஞ்சாலைக்கு 3ஏ அறிவிக்கை வெளியிடும் முன்பே சுற்றுச்சூழல் கருத்துக் கேட்புக் கூட்டத்தை நடத்தி முடித்துவிடுங்கள். எங்களைக் கேட்டுவிட்டு, அப்புறம் கல் ஊன்றுங்கள்.

இப்போது நடப்பது என்ன என்று பாருங்கள். முதல் அறிவிக்கைக்கு ஆட்சேபணை கொடுத்தவர்களை, அதைக் கேட்பதற்கென்று சட்டத்தில் உள்ள 3சி விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். ஏரியின் வரத்துக்கால்வாயைச் சாலை குறுக்கே வெட்டுகிறது, மேடு போட்டால் மழைத் தண்ணீர் ஏரிக்கு எப்படிப் போகும் என்று கேட்டோம். "அது சுற்றுச்சூழல் விஷயம். அதற்குத் தனியாகக் கூட்டம் வரும், அங்கே சொல்லுங்கள்" என்றார் அதிகாரி. மரியாதையாகத்தான் சொன்னார். எழுதியும் கொண்டார். பிறகு ஒரு கல்யாண மண்டபத்தில் அந்தத் தனிக் கூட்டமும் நடந்தது. வாசலில் இரும்புத் தடுப்பு, உள்ளே டோக்கன், ஆளுக்குச் சில நிமிடம் மைக். பாதை ஏன் இப்படி வளைந்து ஏரிப் பக்கம் வருகிறது, மேற்கே புறம்போக்கு வழியாகப் போகலாமே என்று ஒரு பெண் கேட்டார். மேடையிலிருந்து வந்த பதில்: "அலைன்மென்ட் முடிவாகிவிட்டது அம்மா. நிலம் சம்பந்தமான ஆட்சேபணையை 3சி விசாரணையில் சொல்லியிருக்க வேண்டும்."

நிலத்தைப் பற்றிப் பேசப் போனால் அது சுற்றுச்சூழல் என்கிறீர்கள். சுற்றுச்சூழலைப் பற்றிப் பேசப் போனால் அது நிலம் என்கிறீர்கள். ஏரியும் வயலும் எங்களுக்கு இரண்டு இலாகா இல்லை.

சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்குத் தனியாக ஒன்று. 2006 செப்டம்பர் 14-ஆம் தேதியிட்ட உங்கள் அறிவிக்கை, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை எப்படி இருக்க வேண்டும் என்று வகுத்துத் தந்திருக்கிறது. அதில் மாற்று இடங்களை ஆராய்வதற்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. எங்கள் அறிக்கையிலும் இருக்கிறது. வரைபடத்தில் சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று கோடுகள், கீழே ஓர் அட்டவணை, சிவப்பே சிறந்தது என்று முடிவு. அறிக்கை வெளியான நாளில் சிவப்புக் கோட்டுக்கு அடியில் இருக்கிற ஒவ்வொரு சர்வே எண்ணும் அரசிதழில் ஏறி மாதக்கணக்காகியிருந்தது. பச்சைக் கோட்டுக்கு அடியில் ஓர் எண் கூட ஏறவில்லை. பரீட்சைக்கு முன்பே மதிப்பெண் பட்டியலை ஒட்டிவிட்ட பிறகு எங்களை எதற்கு மண்டபத்துக்குக் கூப்பிட்டீர்கள்?

அறிக்கை ஆங்கிலத்தில், தமிழில் சுருக்கம் மட்டும் என்பதைப் பற்றி ஒரு மடல் தனியாக எழுதலாம். அதை இங்கே விடுகிறேன்.

என் சித்தப்பாவின் கிணற்றைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். இரண்டு ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. கடலை, கொஞ்சம் நெல், வரப்போரம் தென்னை. கல் கட்டு வைத்த பழைய திறந்த கிணறு. முதல் அறிவிக்கை வந்தபோதே கோடையில் மோட்டார் அரை மணி நேரம்கூட ஓடாத நிலை. வெடி வைத்து ஆழப்படுத்தி, பக்கவாட்டில் போர் போட்டால் ஊற்று கிடைக்கும் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். கடனுக்குப் போனார். வங்கியில் பட்டா, சிட்டா, வில்லங்கம் எல்லாம் சரிபார்த்துவிட்டு, சர்வே எண் அறிவிக்கையில் இருக்கிறது, மேலிடத்தில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று திருப்பித் தந்துவிட்டார்கள். அரை ஏக்கரை விற்கலாம் என்று பார்த்தார். தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தை நான் வரி வரியாகப் படித்தேன். 3ஏ வந்த நிலத்தை விற்கக்கூடாது என்று அதில் எங்கும் இல்லை. ஆனால் நாளைக்கே அரசாங்கம் எடுத்துக்கொள்ளக்கூடிய நிலத்தை யார் கிரயம் வாங்குவார்கள்? தரகர்கூட எங்கள் தெருவுக்குள் வருவதில்லை.

சரி, கையிலிருக்கும் நகையை வைத்தாவது ஆழப்படுத்தலாமா என்றால் அதற்கும் பதில் இல்லை. அறிவிக்கைக்குப் பிறகு போட்ட செலவு இழப்பீட்டில் சேருமா என்று அலுவலகத்தில் கேட்டார். இது உத்தேசம்தான், நிலம் இன்னும் உங்களுடையதுதான், உங்கள் விருப்பம் என்றார்கள். மரங்களைக் கணக்கெடுக்க வந்தவர்கள் தென்னைகளில் சிவப்புப் பெயிண்டில் எண் போட்டுவிட்டுப் போனார்கள். அதில் இரண்டு மரம் பட்டுப்போய்விட்டது. வெட்டினால் பிறகு கணக்கு உதைக்குமோ என்று, மட்டை உதிர்ந்த மொட்டை மரங்களை எண்ணோடு அப்படியே நிற்க விட்டிருக்கிறார். காலியான இடத்தில் புதுக் கன்று வைக்கவில்லை. தென்னை காய்க்க நாலைந்து வருடமாகும். காய்க்கும்போது அங்கே மரம் இருக்குமா, மைல்கல் இருக்குமா என்று உங்களில் யாருக்காவது தெரியுமா?

அறிவிக்கை காலாவதியான அந்த இடைவெளியில் மறுபடி வங்கிக்குப் போனார். முதல் திட்டம் கைவிடப்பட்டது என்று எழுத்தில் ஏதாவது கொண்டுவரச் சொன்னார்கள். அப்படி ஒரு தாளைக் கொடுக்கிற அதிகாரி எந்த அலுவலகத்திலும் இல்லை. நிலத்தை முடக்க அரசிதழ் இருக்கிறது, விடுவிக்க ஒரு துண்டுச் சீட்டு இல்லை. அதற்குள் இரண்டாவது அறிவிக்கை வந்துவிட்டது.

பணம் குறைவு என்று இந்த மடலை எழுதவில்லை. 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் இழப்பீட்டு விதிகள் 2015 முதல் நெடுஞ்சாலை நிலங்களுக்கும் பொருந்தும் என்பதை அறிவேன், முன்பைவிட அது நல்ல தொகைதான். ஆனால் அதே சட்டம் சொல்லும் சமூகத் தாக்க ஆய்வு, கிராம சபைக் கலந்தாய்வு எல்லாம் எங்களுக்குக் கிடையாது. அந்தச் சட்டத்தின் நான்காம் அட்டவணையில் 13 சட்டங்களுக்கு விலக்கு இருக்கிறது, நெடுஞ்சாலைச் சட்டம் அதில் ஒன்று. மாநில அரசு மட்டும் சும்மா இருக்குமா? தொழில் நோக்கங்களுக்கான 1997-ஆம் ஆண்டுச் சட்டம், 2001-ஆம் ஆண்டு மாநில நெடுஞ்சாலைகள் சட்டம் உட்படத் தன் மூன்று சட்டங்களுக்கு, அதே 2013 சட்டத்தில் 105ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து விலக்கு வாங்கியது. 2019 ஜூலையில் உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. அதே ஆண்டில் முன்தேதியிட்டு வேறொரு சட்டம் போட்டு மூன்றையும் எழுப்பி உட்காரவைத்தார்கள், 2021-ல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. செத்துப்போன சட்டத்தைத் திரும்ப எழுப்புகிற இந்தச் சுறுசுறுப்பில் பத்தில் ஒரு பங்கு, செத்துப்போன தாத்தா பெயரிலிருந்து பட்டாவை மாற்றுவதில் இருந்தால் நன்றாக இருக்கும். பரந்தூர் விமான நிலையத்துக்கு அந்த 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் நிலம் எடுக்கிறார்கள். 2022 ஆகஸ்டில் இடம் அறிவிக்கப்பட்டது. அங்கே நிலம் போகும் ஊரான ஏகனாபுரத்து மக்கள் கிராம சபைக்குக் கிராம சபை எதிர்ப்புத் தீர்மானம் போடுகிறார்கள். இடம் முடிவான பிறகு போடும் தீர்மானத்தை எந்தக் கோப்பில் வைப்பது என்று அதிகாரிகளுக்கும் தெரியாது போலிருக்கிறது.

கோபத்தில் வேறெங்கோ போய்விட்டேன். மன்னிக்கவும், அது உங்கள் இலாகா இல்லை.

உங்கள் தரப்பு பதில் எனக்குத் தெரியும். சேலம், சென்னை எட்டு வழிச்சாலை வழக்கைக் காட்டுவீர்கள். 277 கிலோமீட்டர், சுமார் 10,000 கோடி ரூபாய்த் திட்டம். 2018-ல் போலீஸ் காவலோடு வயல்களில் கல் நட்டதும், பெண்கள் வரப்பில் உட்கார்ந்து அழுததும் நாடே பார்த்தது. 2019 ஏப்ரல் 8-ல் சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பு அறிவிக்கைகளை ரத்து செய்தது, நில ஆவணங்களில் செய்த மாற்றங்களைப் பழையபடி திருத்தவும் சொன்னது. 2020 டிசம்பர் 8-ல் உச்ச நீதிமன்றம், அறிவிக்கைக்கு முன்பே சுற்றுச்சூழல் அனுமதி பெற வேண்டிய கட்டாயமில்லை, பணி தொடங்கும் முன் பெற்றால் போதும் என்று தீர்ப்பளித்தது. தலைவணங்குகிறேன். ஆனால் கட்டாயமில்லை என்றுதான் தீர்ப்பு. முன்கூட்டிக் கேட்கக் கூடாது என்று எந்த நீதிமன்றமும் உங்கள் கையைக் கட்டவில்லை. நாடாளுமன்றத்துக்குக்கூடப் போக வேண்டாம். இரண்டு அமைச்சகங்களும் சேர்ந்து ஒரு சுற்றறிக்கை போட்டால் போதும்: கருத்துக் கேட்பு முடியாமல் 3ஏ இல்லை.

தாமதமாகும் என்பீர்கள். சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் அந்த 2006 அறிவிக்கைப்படி கருத்துக் கேட்பு முழுவதும் 45 நாளில் முடிய வேண்டிய வேலை. கூட்டத்துக்கு 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும், எத்தனை பேர் வர வேண்டும் என்ற குறைந்தபட்சக் கணக்குகூடக் கிடையாது. 2020-ல் அந்த அமைச்சகம் வெளியிட்ட புதிய வரைவில் அந்த 30 நாளையும் 20 ஆக்கப் பார்த்தார்கள். இவ்வளவு சிறிய வேலையை முன்னால் வைப்பதால் எந்தச் சாலை நின்றுவிடும்? எங்கள் திட்டத்தில் ஓர் அறிவிக்கை முழுசாகக் காலாவதியானதே, அந்தத் தாமதத்துக்கு எந்த விவசாயி காரணம்?

கேட்டால் எல்லோரும் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள் என்ற பயம் உள்ளுக்குள் இருக்கலாம். ஒடிசாவின் நியாம்கிரியில் 2013-ல் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 12 கிராம சபைகளைக் கேட்டார்கள், 12-ம் சுரங்கம் வேண்டாம் என்றன. அது வன உரிமைச் சட்டம், மலை மக்களின் தெய்வம் குடியிருக்கும் மலை. எங்களுக்கு அந்த உரிமை சட்டத்தில் இல்லை, நாங்களும் சாலையே வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஓசூருக்கும் வேலைக்குப் போகிறார்கள், சாலையின் அருமை தெரியாதவர்கள் இல்லை. மண்டபத்தில் எழுந்தவர்களில் பாதிப் பேர் கேட்டது மேற்கே நகர்த்த முடியுமா, கால்வாய்த் தண்ணீர் போகச் சாலைக்குக் கீழே எவ்வளவு அகலத்தில் கல்வெர்ட் வரும், மாடு ஓட்டிக்கொண்டு எந்த இடத்தில் மறுபக்கம் போவது என்பதைத்தான். கோடு போடும் முன் கேட்டிருந்தால் பென்சிலால் திருத்தியிருக்கலாம்.

ஆகவே பணிவோடு மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். எங்களைக் கேட்ட பிறகு 3ஏ வெளியிடுங்கள். அந்தக் கூட்டத்தில் நிலத்தையும் தண்ணீரையும் சேர்த்தே பேச விடுங்கள், இரண்டுக்கும் பதில் சொல்லக்கூடிய அதிகாரிகளை ஒரே மேடையில் உட்கார வையுங்கள். காலாவதியான அறிவிக்கைக்கு, இந்த எண்கள் விடுவிக்கப்பட்டன என்று சர்வே எண் வாரியாக ஒரு கடிதத்தை வங்கிக்கும் சார்பதிவாளருக்கும் அனுப்புங்கள். இரண்டாவது அறிவிக்கையை நிறுத்திவைத்து, எங்கள் ஊரிலிருந்தே இதைத் தொடங்கினால் மிகவும் நன்றியுடையவர்களாக இருப்போம்.

21 நாள் கெடுவுக்குள் என் ஆட்சேபணையைப் பதிவுத் தபாலில் தனியாக அனுப்பிவிட்டேன். தாத்தா சார்பாகவும் ஒன்று அனுப்பியிருக்கிறேன், இறப்புச் சான்றிதழ் நகல் இணைப்பு. அவருக்கு விசாரணை நாள் குறித்து நோட்டீஸ் அனுப்புவதானால் என் முகவரிக்கே அனுப்பவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அறிவிக்கையில் இடம்பெற்ற நிலத்தின் பங்குதாரர்களில் ஒருவன்.