நீ அனுப்பிய பயானைப் பற்றி

பழைய வண்ணாரப்பேட்டை

அன்பு மகனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

குடும்பக் குரூப்பில் நீ போட்ட மார்க்கப் பேச்சை, அந்தப் பயானை, முழுசாகக் கேட்டேன். ராயபுரத்தில் குணங்குடி மஸ்தான் அப்பா தர்காவுக்குப் போவது சரியில்லை என்று உனக்குத் தோன்றினால் நீ போக வேண்டாம். அந்த வாதம் நம் வீட்டிலேயே உண்டு, உன் சின்னத்தா தர்காவின் கந்தூரி விழாவுக்கு வருவதில்லை. ஆனால் பயான் செய்தவர் அதோடு நிற்கவில்லை. தர்காவுக்குப் போகிறவர்கள் முஸ்லிமே இல்லை, அவர்களோடு உறவே கூடாது என்கிறார். அதற்குக் கீழே நீ ‘மாஷா அல்லாஹ்’ என்று எழுதியிருக்கிறாய். தர்காவுக்குப் போகும் உன் நன்னிமாவும் அதைப் படித்துவிட்டார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இலங்கையில் காத்தான்குடி ஸஹ்ரான் ஹாஷிம் பயான் செய்ததும் தமிழில்தான். அவர் கூட்டம் முதலில் பாய்ந்தது 2017-ல், அதே ஊர் சூஃபி முஸ்லிம்கள் மேல். அவரைக் கைது செய்யச் சொல்லி அந்த ஊர் முஸ்லிம்களே புகார் கொடுத்தார்கள், தெருவில் இறங்கினார்கள். ஆள் தலைமறைவாகிவிட்டார். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு அன்று அவரும் அவர் கூட்டமும் தற்கொலைக் குண்டுகளோடு வந்தார்கள். மூன்று தேவாலயங்கள், மூன்று ஹோட்டல்கள், 250-க்கும் மேற்பட்ட உயிர்கள். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் இறந்தவர்களில் பலர் ஞாயிறு வகுப்புக்கு வந்த குழந்தைகள். கொலைகாரர்களின் மய்யித்தை, அதாவது உடலை, நம் கபரஸ்தானில் அடக்க மாட்டோம் என்று உலமா சபை சொன்னது. ஆனாலும் அடுத்த மாதம், ஒரு பாவமும் அறியாத முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன.

இது புதுசும் இல்லை. 661-ல் கூஃபாவில் ஃபஜ்ர் என்ற அதிகாலைத் தொழுகை நேரத்தில், நபிகளாரின் மருமகன் அலி (ரலி) அவர்களை வெட்டியவனும் தொழுகையாளிதான். அலி அவர்களையே காஃபிர், அதாவது இறைமறுப்பாளர், என்று சொன்ன கூட்டம் அவனுடையது. சகோதரனைக் காஃபிர் என்று சொன்னால் அந்தச் சொல் இருவரில் ஒருவர் மேல் திரும்பும் என்ற ஹதீஸ் புகாரி நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. அந்தப் பயான்காரர் அதை ஓதவே இல்லை, கவனித்தாயா?

நம் மேல் நடக்கும் அநியாயத்தில் உனக்கு வரும் கோபம் எனக்கும் உண்டு. 1997 கடைசியில் கோவையில் 18 முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பழி என்று 1998 பிப்ரவரி 14-ல் குண்டு வைத்தவர்கள் 58 பேரைக் கொன்றார்கள். செத்தவர்கள் யாருக்கு என்ன செய்தார்கள்? இறந்த 18 பேருக்கு அதனால் என்ன நீதி கிடைத்தது? 2020-ல் அதே பிப்ரவரி 14, குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்து நம் வண்ணாரப்பேட்டையில் கூடியவர்கள் மேல் தடியடி விழுந்தது. நம் பெண்கள் கைக்குழந்தையும் தேசியக் கொடியுமாகத் தெருவிலேயே உட்கார்ந்தார்கள். உன் அம்மாவும் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவள் தர்காவுக்குப் போகிறவளா, போகாதவளா என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

குரூப்பில் போட்டதை அழித்தால் மட்டும் போதாது. அந்தப் பேச்சு தவறு என்று அதே குரூப்பில் எழுது. வெள்ளிக்கிழமை லீவில் நன்னிமாவைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேள்.

அப்புறம், இதை உனக்கு அனுப்பிய ரூம் நண்பனை ஒதுக்கிவிடாதே. தனியாக விட்டால் இவர்கள்தான் அவனுக்கு உறவாகிவிடுவார்கள். நம் பள்ளி இமாமிடம் பேசிவிட்டேன். அவன் எந்தச் சந்தேகத்தையும் போனில் கேட்கலாம் என்றார். நம்பரைத் தனியாக அனுப்புகிறேன், முதல் தடவை நீயும் கூட இருந்து பேசு.

உன் அத்தா