சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறவர்களும் ஊட்டிக் கூட்டத்தில் சேர்த்திதான்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஊட்டியில் சனி, ஞாயிறு நெரிசலைப் பற்றி எழுதுகிற எல்லாரும் சுற்றுலாப் பயணிகளைத்தான் திட்டுகிறார்கள். இன்னொரு கூட்டமும் இருக்கிறது. அங்கே சொந்தக்காரர் வீடு உள்ளவர்கள். அறை தேட வேண்டாம், சாப்பாட்டுக்கு அலைய வேண்டாம், சித்தி வீடு இருக்கவே இருக்கிறது என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர்கள். நானும் என் மனைவியும் அந்த வகை. "நாங்க டூரிஸ்ட் இல்லீங்க, சொந்தக்காரங்க வீட்டுக்குப் போறோம்" என்று சோதனைச் சாவடியில் சொல்லிக்கொள்ளலாம், ஆனால் மலைப்பாதையில் நாம் ஓட்டிப்போகிற காரும் மற்ற கார் அளவு இடத்தைத்தானே அடைக்கிறது.

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு இ-பாஸ், அதாவது இணையத்தில் எடுக்கிற நுழைவு அனுமதி, வந்தது. 2025 ஏப்ரலில் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தார்கள்: வாரநாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி. இதில் பலர் கவனிக்காமல் விடுவது என்னவென்றால், இ-பாஸ் எண்ணுவது வண்டியை, ஆளை அல்ல. உள்ளூர்ப் பதிவெண் வண்டிக்கும் அரசுப் பேருந்துக்கும் அந்தக் கணக்கு இல்லை. ஆக, தங்க வீடும் அழைத்துப்போக ஆளும் உள்ள எங்களைப் போன்றவர்கள் மேட்டுப்பாளையத்திலேயே காரை விட்டுவிட்டு பஸ் ஏறினால், வேறு போக்கே இல்லாத ஒரு குடும்பத்துக்கு ஒரு இடம் மிஞ்சும். கைக்குழந்தையோடு வருகிறவர்களையும் வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்களையும் நான் சொல்லவில்லை. கை கால் நன்றாக இருக்கிற, இரண்டு பையோடு கிளம்புகிற தம்பதிகளைச் சொல்கிறேன்.

நாங்கள் அப்படித்தான் போனோம். மேலே போகும் வரை ஒரு சிரமமும் இல்லை. சிரமம் ஆரம்பித்ததே ஊட்டி பேருந்து நிலையத்தில் இறங்கிய பிறகு. சித்தி வீடு லவ்டேல் பக்கம். அங்கே போக உள்ளூர் பஸ்ஸுக்காக நின்றோம் நின்றோம், நின்றுகொண்டே இருந்தோம். வந்த பஸ்ஸும் நெரிசலில் ஊர்ந்துதான் வந்திருந்தது. பக்கத்தில் பள்ளிப் பிள்ளையோடு நின்ற அம்மா ஒருவர், "சனிக்கிழமைன்னா இப்படித்தான், நாங்க இதுக்குன்னே சீக்கிரமா கிளம்பிடுவோம்" என்று சலிப்பே இல்லாமல் சொன்னார். அந்தச் சலிப்பில்லாமைதான் என்னை உறுத்தியது.

சித்தப்பா வீட்டில் போய் உட்கார்ந்தால்தான் தெரிகிறது, ஊட்டிக்காரர்களுக்கு வார இறுதி என்பது வீட்டுக்குள் இருக்கிற நாள். காய்கறி, மருந்து எல்லாம் வெள்ளிக்கிழமைக்குள் வாங்கி முடித்துவிடுகிறார்கள். ஊரின் நடுவில் உள்ள சேரிங் கிராஸ் பக்கம் ஒரு வேலை என்றால் "திங்கக்கிழமை பாத்துக்கலாம்" என்பதுதான் பதில். ஏப்ரல், மே வந்துவிட்டால் குன்னூர் வழியாக ஏறி கோத்தகிரி வழியாக இறங்க வேண்டும் என்று ஒருவழிப் பாதை வேறு. கீழேயிருந்து வருகிறவனுக்கு அது ஒரு நாள் சுற்று, அங்கேயே இருக்கிறவனுக்கு அது அந்தக் காலம் முழுவதும்.

இன்னொன்று, இவ்வளவு பேர் ஏறி வருகிறோமே, ஊரைப் பார்க்கிறோமா? நாங்கள் நின்ற அந்தப் பேருந்து நிலையமே ஒரு காலத்தில் ஏரி என்று சித்தப்பா சொல்லித்தான் என் மனைவிக்கே தெரிந்தது, இத்தனைக்கும் சின்ன வயதில் லீவு விட்டால் அங்கேயேதான் கிடப்பாள். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820-களில் உண்டாக்கிய ஏரி இப்போது உள்ளதைவிடப் பெரியது. அதைத் தூர்த்த இடத்தில்தான் பேருந்து நிலையமும் குதிரைப் பந்தய மைதானமும் வந்தன. அவர் 1822-ல் கட்டத் தொடங்கிய கல் பங்களா அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இன்றும் இருக்கிறது. 1829-ல் அடிக்கல் போட்ட புனித ஸ்டீபன் தேவாலயத்தின் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் அரண்மனையைப் பிரித்துக் கொண்டுவந்த மரம் என்கிறார்கள். அங்கே கல்லறைத் தோட்டத்தில் சல்லிவனின் மனைவியும் மகளும் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். நாங்கள் போன சனிக்கிழமை மதியம், படகு இல்லத்துக்குப் போகிற சாலை முழுக்க வண்டி, தேவாலயத்தில் விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் ஆட்கள். சித்தப்பாவோடு நடந்தே போனோம். எனக்கு மூச்சு வாங்கியது, அவர் பேசிக்கொண்டே முன்னால் போனார். 2,240 மீட்டர் உயரத்தில் வாழ்கிற மனிதரோடு போட்டி போட முடியுமா, விடுங்கள்.

மலை ரயிலைப் பற்றிக் கேட்பீர்கள். 1899-ல் குன்னூர் வரைக்கும் 1908-ல் ஊட்டி வரைக்கும் வந்தது, 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, எல்லாம் பெருமைதான். ஆனால் 46 கிலோமீட்டர் ஏற ஐந்து மணி நேரம் எடுக்கும். கல்லாறு முதல் குன்னூர் வரை சுமார் 12 அடிக்கு 1 அடி ஏற்றம் என்பதால் தண்டவாளத்தின் நடுவில் உள்ள பல் வைத்த சட்டத்தைப் பல்சக்கரத்தால் பிடித்துக்கொண்டு என்ஜின் பின்னாலிருந்து தள்ளித்தான் ஏற்றுகிறது. மிக அழகான பயணம், டிக்கெட் கிடைப்பதும் அபூர்வம். சொந்தக்காரர் வீட்டுக்கு அவசரமாகப் போய்த் திரும்புகிறவர்களின் நெரிசலை அது தீர்க்கும் என்று எதிர்பார்க்க முடியாது. பஸ்தான் தீர்க்க வேண்டும்.

அதனால் கேட்பது இதுதான். வார இறுதியில் மேட்டுப்பாளையத்தில் கார் நிறுத்தப் பாதுகாப்பான பெரிய இடம் வேண்டும், இரவு முழுக்க விட்டுவிட்டுப் போகலாம் என்கிற நம்பிக்கையோடு. அங்கிருந்து மேலே போக அடுத்தடுத்து பஸ் வேண்டும். அப்புறம், முக்கியமாக, ஊட்டி நிலையத்திலிருந்து லவ்டேல், கேத்தி, ஃபெர்ன்ஹில் போன்ற குடியிருப்புப் பக்கங்களுக்கு சனி, ஞாயிறுகளில் மினி பஸ்ஸைக் கூட்ட வேண்டும். பார்க்கும் இடங்களுக்குச் சுற்றி வருகிற பஸ்ஸை நான் கேட்கவில்லை, வீடு இருக்கிற தெருக்களுக்குப் போகிற பஸ்ஸைக் கேட்கிறேன். அந்த பஸ்ஸால் எங்களுக்கு வருகிற நன்மையைவிட அங்கேயே குடியிருக்கிறவர்களுக்கு வருகிற நன்மை அதிகம். இரவு எட்டு மணிக்குப் பிறகும் ஒன்றிரண்டு ஓடினால் இன்னும் நல்லது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாங்கள் இறங்கும்போது பஸ் கிடைக்காதோ என்று சித்தப்பா தன் வண்டியை எடுத்துவந்து நிலையம் வரை விட்டார், திரும்பிப் போக அவருக்கு எங்களை ஏற்றிவந்த நேரத்தைப்போல இரண்டு மடங்கு ஆகியிருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்