முகவரி காதில் விழவேண்டும்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. பெரியவளுக்கு வரன் அமைந்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆவணியில் முகூர்த்தம் என்றால் இப்போதே லீவு சொல்லி வைத்துவிடுகிறேன். மைக் செட்டை இனி மகன்தான் பார்க்கிறான் என்று எழுதியிருந்தாய். இங்கே இரண்டு மாதமாக நானும் கிட்டத்தட்ட அந்த வேலைதான் செய்கிறேன்.

அமெரிக்காவில் இந்தப் பென்சில்வேனியாவின் சின்ன ஊர்களில் தீயணைப்புக்காரர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தொண்டர்கள். எங்கள் பக்கத்து வீட்டுப் பையனும் அதில் ஒருவன். அவர்களுடைய ரேடியோ பேச்சை, பல சேனல்களை மாற்றி மாற்றிக் கேட்கிற ஸ்கேனர் என்ற ரேடியோவில் பிடித்து, ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் வழியாக இணையத்தில் விடுகிறேன். பையன் நடுராத்திரியில் தீயணைக்கப் போனால், திரும்பி வரும்வரை அவனுடைய அம்மா போனைத் தலைமாட்டில் வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள் வேலியோரம் நின்று சொன்னார்: "ஒருத்தர் பேசுவது கேட்கவே இல்லை என்று சத்தத்தைக் கூட்டினால், அடுத்தவர் பேசும்போது தூக்கிவாரிப் போடுகிறது."

அவர் சொன்னது உண்மை. இந்த ரேடியோக்கள் எஃப்.எம். முறையில் பேசுபவை. அதில் சிக்னல் பலமாக வந்தால் சத்தமும் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பேசுகிற குரல் அலைவரிசையை எவ்வளவு தூரம் அசைக்கிறதோ அதுதான் சத்தம். கண்ட்ரோல் ரூம் பெண்மணி ஹெட்செட் போட்டு நிதானமாகப் பேசுவார். தீ பக்கத்தில் நிற்கிறவன் முகமூடிக்குள்ளிருந்து, பம்ப் எஞ்சின் இரைச்சலுக்கு மேல் கத்துவான்.

இதற்கு மேல் இன்னொரு சிக்கல். 150 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரை பேசுகிற தீயணைப்பு, போலீஸ் மாதிரி ரேடியோக்காரர்கள் 2013 ஜனவரி 1-க்குள் குறுகிய சேனலுக்கு மாறவேண்டும் என்று இங்கே உத்தரவு வந்தது. குரல் அலைவரிசையை அசைக்கக்கூடிய அளவு 5 கிலோஹெர்ட்ஸிலிருந்து 2.5 ஆனது. 33 மெகாஹெர்ட்ஸுக்கு அந்த உத்தரவு கிடையாது. எங்கள் பக்கம் ஆளைக் கூப்பிடுவது 33-இல், அந்தப் பழைய அகலச் சேனலில்; களத்தில் பேசிக்கொள்வது 154 மெகாஹெர்ட்ஸில், குறுகிய சேனலில். நான் இரண்டையும் அகல எஃப்.எம். என்றே ஸ்கேனரில் போட்டு வைத்திருந்தேன். களப்பேச்சு 6 டெசிபல் குறைவாக, அதாவது பாதி உயரத்தில், வந்துகொண்டிருந்தது.

இதைக் கவனிக்காமல் நான் முதலில் செய்தது, கம்ப்யூட்டரில் ஒரு தானியங்கி வால்யூமைப் போட்டது. அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. இங்கே ஒரு நிலையத்தைக் கூப்பிடுமுன் இரண்டு ஊதல் வரும்: ஒரு விநாடிக்கு ஒரு சுருதி, அடுத்து 3 விநாடிக்கு வேறொரு சுருதி. ஊதல் வந்ததும் அந்தத் தானியங்கி ஏற்பாடு சத்தத்தைக் கீழே அமுக்கிவிடும். அது பழைய இடத்துக்கு ஏறி வருவதற்குள் அந்தப் பெண்மணி தெருப் பெயரையும் வீட்டு எண்ணையும் சொல்லி முடித்துவிடுவார். எது காதில் விழவேண்டுமோ அதுவே மூழ்கிப் போனது. யாரும் பேசாத நேரத்திலோ வெறும் இரைச்சல் அலை மாதிரி மேலே எழும்பி வந்தது.

அப்போதுதான் மாரியம்மன் திருவிழா மேடையில் நீ என் கையைத் தட்டிவிட்டது ஞாபகம் வந்தது. பேசுகிறவர் மைக்கை விழுங்குகிற மாதிரி நின்றார், நான் ஆம்ப்ளிஃபயரைத் திருகப் போனேன். "அதைத் தொடாதே, முதலில் மைக்கைத் தள்ளி வை" என்றாய். 30 வருஷம் கழித்து அதையே இங்கே செய்தேன்.

இரண்டு சாயங்காலம் ஒவ்வொரு சேனலாக உட்கார்ந்து கேட்டு நோட்டில் குறித்தேன். 154 சேனல்களைக் குறுகிய எஃப்.எம்.முக்கு மாற்றினேன். அதிலேயே பாதிச் சண்டை தீர்ந்தது. என்னுடைய யூனிடென் கம்பெனி ஸ்கேனரில் சேனல்வாரியாக மைனஸ் 3 முதல் பிளஸ் 3 வரை சத்தத்தைத் திருத்தலாம், மிச்சத்தை அதில் சரிசெய்தேன். அப்புறம்தான் உரத்த சத்தத்தை அமுக்குகிற கம்ப்ரஸர், அதுவும் லேசாக, மூன்றுக்கு ஒன்று. ஊதல் நின்ற கால் விநாடியில் அது பிடியை விட்டுவிடும். கடைசியில், சத்தம் ஓர் எல்லையைத் தாண்டாமல் தடுக்க ஒரு லிமிட்டர். பேச்சில்லாத நேரம் அமைதியாகவே இருக்க ஒரு கேட். உறுமலும் ஒன்று இருந்தது, உனக்குப் பழகிய கிரவுண்ட் லூப்தான், கருவிகளின் எர்த் இணைப்பு வழியாக வருகிற கரண்ட் உறுமல். இங்கே கரண்ட் 60 ஹெர்ட்ஸ் என்பதால் நம்மூர் உறுமலைவிடச் சுருதி கொஞ்சம் மேலே. ஒன்றுக்கு ஒன்று டிரான்ஸ்பார்மரை நடுவில் போட்டதும் போய்விட்டது.

இன்னும் அமுக்கி எல்லாக் குரலையும் ஒரே மட்டமாக்கியிருக்கலாம். வேண்டாம் என்று விட்டேன். உள்ளே ஆள் மாட்டியிருக்கிறது என்று சொல்கிறவனுடைய குரல் உயரத்தான் வேண்டும், அது கேட்கிறவருக்குத் தெரியவேண்டும்.

போன வாரம் விடிகாலை 3 மணிக்கு ஒரு கொட்டகை தீப்பிடித்தது. காலையில் அந்த அம்மா வந்து, பையன் "நாங்கள் கிளம்புகிறோம்" என்று சொன்னதுகூடத் தெளிவாகக் கேட்டது என்றார். அதற்கப்புறம் நிம்மதியாகத் தூங்கினாராம்.

ஒன்று மட்டும் பாக்கி. வண்டிக்குள்ளிருந்து பேசும்போது சைரனும் கூடவே ஏறுகிறது, குரலைத் தனியாகத் தூக்க முடியவில்லை. தவில் பக்கத்தில் நின்று பாடுகிறவருக்கு உன் மகன் ஈக்வலைஸரை, அதாவது கனத்த சத்தத்தையும் கீச்சுச் சத்தத்தையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கிற திருகுகளை, எப்படி வைக்கிறான் என்று கேட்டு எழுது. கல்யாணத்துக்கு வரும்போது என் நோட்டை எடுத்து வருகிறேன்.

என்றும் உன்,
பழைய கூட்டாளி