பெர்த்திலிருந்து அப்பாவுக்கு: பழைய படகு வாங்கியது பற்றி

பெர்த்,
மேற்கு ஆஸ்திரேலியா.

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நானும் வீட்டில் உள்ளவர்களும் இங்கே நலமாக இருக்கிறோம். உங்கள் நலமும் தம்பியின் நலமும் அறிய ஆவல்.

படகு வாங்கிவிட்டேன் என்று போனில் சொன்னபோது, "2006-இல் கட்டிய படகை எதை நம்பி வாங்கினாய்?" என்று கேட்டீர்கள். காலமெல்லாம் தூத்துக்குடிக் கடலில் தொழில் செய்தவர் கேட்கும் கேள்விக்குப் போனில் இரண்டு வார்த்தை சொல்லி முடித்துவிட முடியாது. தம்பி பழைய 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின் ஒன்றுக்கு விலை பேசிக்கொண்டிருக்கிறான் என்று அம்மாவும் சொன்னார்கள். ஆகவே இந்த ஊரில் பழைய படகை எப்படிப் பார்த்து வாங்குகிறார்கள், வாங்கிய பிறகு அதற்கு என்னென்ன செய்ய வேண்டியிருக்கிறது என்பதை நிதானமாக எழுதுகிறேன். தம்பிக்கும் படித்துக் காட்டுங்கள்.

படகின் நீளம் 6.2 மீட்டர், அதாவது இருபது அடிக்குச் சற்று மேல். முழுவதும் ஃபைபர். அணியத்தில், அதாவது முன்பக்கத்தில், இரண்டு பேர் ஒதுங்கிக்கொள்ளும் அளவுக்கு ஒரு சிறிய அறையும், அதற்குப் பின்னால் நின்று ஓட்டுவதற்குச் சுக்கானும், பின்பக்கமான அமரத்தில் தூண்டில் போடத் திறந்த தளமும் உண்டு. எஞ்சின் 150 குதிரைத்திறன், நான்கு ஸ்ட்ரோக். ஹெண்டர்சன் கப்பல் கட்டும் தளத்தில் என்னோடு வெல்டராக வேலை செய்யும் கொல்லத்துக்காரர் ஒருவரும் நானும் பாதிப் பாதி போட்டு, டிரெய்லரையும் சேர்த்து 38,000 டாலருக்கு முடித்தோம். இது பிழைப்புக்கான படகு இல்லை. பொழுதுபோக்குக்கு மீன் பிடிப்பவர் தாம் பிடித்ததில் ஒரு மீனைக்கூட விற்கக் கூடாது என்பது இங்கே சட்டம். படகிலிருந்து தூண்டில் போடத் தனி உரிமம் வேண்டும். 6 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட எஞ்சினை ஓட்டப் பாடம் படித்து, கடலில் ஓட்டிக் காட்டி, ஸ்கிப்பர் டிக்கெட் என்னும் படகோட்டும் சான்று வாங்க வேண்டும். விற்க முடியாத மீனுக்கு இவ்வளவு செலவா என்று அம்மா கேட்பார்கள். கடற்கரையில் பிறந்து வளர்ந்தவன் கடலைக் கரையில் நின்று மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு கடினம் என்பது உங்களுக்குத் தெரியும் அப்பா. இதற்கு மேல் என்னிடம் விளக்கம் இல்லை.

பழைய ஃபைபர் படகின் பெரிய நோய் வெளிப்பூச்சில் தெரியாது. எஞ்சின் மாட்டும் அமரப் பலகையும், தளத்துக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் தாங்கு கட்டைகளும் இந்த வயதுப் படகுகளில் பெரும்பாலும் ஒட்டுப்பலகையால் ஆனவை. அவற்றின் மேல் ஃபைபரைப் போர்த்தியிருப்பார்கள். பிறகு யாராவது ஒரு கருவியை மாட்டுவதற்குத் துளையிட்டு, பசை வைக்காமல் திருகாணியை முடுக்கிவிட்டால், அந்த ஒரு துளை வழியாகவே தண்ணீர் உள்ளே இறங்கி, வருடக்கணக்கில் மரத்தைச் சத்தமில்லாமல் ஊற வைத்துவிடும். வெளியே பார்த்தால் படகு பளபளவென்று இருக்கும். இதற்கு முன்னால் நாங்கள் பார்த்த ஒரு படகில், மீன் காட்டும் கருவியின் திருகாணி ஒன்றை உரிமையாளரின் அனுமதியோடு கழற்றியபோது, துளையிலிருந்து பழுப்பு நிறத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வடிந்தது. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டோம். இந்தப் படகில் அதே இடத்தில் மெல்லிய கம்பியை விட்டுச் சுரண்டியதற்கு, வெளிறிய மரத்தூள் உலர்ந்து வந்தது. எனக்குப் பாதி நம்பிக்கை அங்கேயே வந்துவிட்டது.

மீதி நம்பிக்கை நீங்கள் கற்றுக்கொடுத்த வழியில் வந்தது. நம் கொட்டகையில் ஃபைபர் ஒட்டும்போது, விரல் மூட்டால் தட்டித் தட்டி ஓசை கேட்பீர்களே, அதையே இங்கே படகுகளைச் சோதிக்கும் சர்வேயர்கள் சிறிய பிளாஸ்டிக் சுத்தியலால் செய்கிறார்கள். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். ஃபைபர் அடுக்குகள் பிரிந்த இடமும், உள்ளே மரம் ஊறிய இடமும் மந்தமாக ஒலிக்கும். ஒரு சாண் விடாமல் அடிப்பக்கம் முழுவதையும் தட்டினோம். பிறகு எஞ்சினைப் பாதி தூக்கி நிறுத்தி, அதன் கீழ்க்காலில் உடல் எடையைப் போட்டு அழுத்தினேன். நண்பர் அமரப் பலகையின் ஓரத்திலேயே கண் வைத்திருந்தார். பலகை நெளிந்தாலோ, மூலையில் மயிரிழை போல் வெடிப்பு விரிந்தாலோ விலை பேச வேண்டிய அவசியமே இல்லை. இன்னொரு சோதனை எனக்குப் புதியது: படகை டிரெய்லரோடு எடை மேடைக்குக் கொண்டுபோய் நிறுத்தினோம். தளத்துக்கு அடியில் மிதப்புக்காக நிரப்பியிருக்கும் நுரை தண்ணீரைக் குடித்திருந்தால், கட்டியவர்கள் கொடுத்திருக்கும் எடைக்கும் மேடை காட்டும் எடைக்கும் நூற்றுக்கணக்கான கிலோ வித்தியாசம் வரும். எரிபொருளையும் சாமான்களையும் கழித்துப் பார்த்ததில் எங்கள் கணக்கு சரியாக இருந்தது.

இங்கே அலுமினியப் படகுகளும் ஏராளம். வெல்டர் நீ, ஏன் அலுமினியம் வாங்கவில்லை என்று வேலைத்தளத்தில் பலர் கேட்டார்கள். அலுமினியம் எடை குறைவு, பெட்ரோலும் குறைவாகப் பிடிக்கும். ஆனால் குறுகிய அலையில் ஃபைபர் படகு போல மெத்தென்று வெட்டிப் போகாது. அடித்து அடித்துப் போகும். என் மனம் ஃபைபர் பக்கமே சாய்ந்தது.

எஞ்சின் பற்றித் தம்பி கவனமாகக் கேட்கட்டும். பார்க்கப் போகும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், காலையில் கிளம்ப மறுக்கும் எஞ்சினா என்பது தெரியாமலே போய்விடும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிக் கம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம், அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அளவு எவ்வளவு என்பதைவிட, சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் பத்து சதவீதத்துக்கு மேல் போகாமல் இருப்பதுதான் முக்கியம். அடுத்து கியர் ஆயில். கீழ்ப்பெட்டியின் திருகாணியைத் தளர்த்தி, வரும் எண்ணெயை விரலில் எடுத்துப் பாருங்கள்: பால் கலந்தது போல் வெளுத்திருந்தால் சீல் வழியாகக் கடல் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. எங்கள் எஞ்சினின் கணினியை மெக்கானிக் லேப்டாப்பில் இணைத்து, மொத்தம் எத்தனை மணி நேரம், எந்தெந்த வேகத்தில் ஓடியிருக்கிறது என்பது வரை எடுத்துக் காட்டினார். 620 மணி நேரம் ஆகியிருந்தது. குறைவாக ஓடிய எஞ்சின் எப்போதும் நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. மாதக்கணக்கில் உப்போடு சும்மா நின்ற எஞ்சினைவிட, ஒழுங்காக ஓடி, ஓடிய பிறகு ஒழுங்காகக் கழுவப்பட்ட எஞ்சின் மேல். கடைசியாகக் கடலில் இறக்கி முழு வேகம் கொடுத்துப் பார்த்தோம். நிறுவனம் குறித்திருக்கும் சுழற்சி வேகத்தை எஞ்சின் எட்ட வேண்டும், எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்த் தாரை இடைவிடாமல் பீச்ச வேண்டும்.

கடன் பாக்கி உள்ள படகை வாங்கினால் கடன் கொடுத்தவர் வந்து படகைத் தூக்கிக்கொண்டு போகலாம். இதைத் தடுக்க நாடு முழுவதற்கும் பொதுவான ஒரு பதிவேடு இருக்கிறது. படகின் அமரத்தில் பொறித்திருக்கும் அடையாள எண்ணைக் கொடுத்து 2 டாலர் கட்டினால் கடன் உண்டா இல்லையா என்று உடனே தெரிந்துவிடும். நம் ஊரிலும் இப்படி ஒன்று எல்லாப் படகுகளுக்கும் இருந்தால் எத்தனை சண்டைகள் குறையும் என்று நினைத்துக்கொண்டேன்.

உங்களுக்கு வியப்பாக இருக்கப்போவது டிரெய்லர்தான். படகைத் துறையில் கட்டி வைக்க வாடகை அதிகம் என்பதால் பெரும்பாலானோர் வீட்டு முற்றத்தில் நிறுத்தி வைத்து, காரில் பூட்டி இழுத்துக்கொண்டு போய்க் கடலில் இறக்குகிறார்கள். எங்கள் படகும் டிரெய்லரும் சேர்ந்து 2,000 கிலோவுக்கு மேல் என்பதால் எல்லாச் சக்கரங்களுக்கும் பிரேக் இருக்க வேண்டும். இழுக்கும் காரிலிருந்து டிரெய்லர் விடுபட்டால் தானாகவே பிரேக் பிடிக்கும் அமைப்பும் கட்டாயம். நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய சக்கரப் பேரிங்கைக் குளிர்ந்த கடல் நீரில் இறக்கும்போது, உள்ளிருக்கும் காற்று சுருங்கி உப்புத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். கடலில் நின்றுபோகும் படகுகளைப் போலவே, பேரிங் போய்ச் சாலையோரம் நிற்கும் படகுகளையும் இங்கே பார்க்கலாம். நாங்கள் வாங்கியவுடன் பேரிங்குகள் அனைத்தையும் மாற்றினோம். துறைக்குப் போய்ச் சேர்ந்ததும் சற்று நேரம் ஆறவிட்டுத்தான் இறக்குகிறோம்.

படகைச் சித்தப்படுத்தும் வேலையில் பெரும்பங்கு மின்கம்பிகளுக்கே போயிற்று. பழைய ஒயர் ஒன்றின் உறையைச் சீவிப் பார்த்தால், உள்ளே செம்பு கறுத்துப் பச்சை பூத்து, விரலில் தேய்த்தபோது பொடிப்பொடியாக உதிர்ந்தது. வெள்ளீயம் பூசிய செம்பு ஒயரை வாங்கி முழுவதையும் புதிதாக இழுத்தோம். பேட்டரி இரண்டு: ஒன்று எஞ்சினைக் கிளப்ப மட்டும், மற்றொன்று விளக்குக்கும் மீன் காட்டும் கருவிக்கும். படகின் அடியில் சேரும் தண்ணீரை இறைக்கும் பம்பை மட்டும் எந்தச் சுவிட்சையும் நம்பாமல், மிதவை தூக்கினால் தானாக ஓடும்படி நேரே பேட்டரியோடு, இடையில் ஒரு ஃபியூஸ் மட்டும் வைத்து இணைத்திருக்கிறோம். பெட்ரோல் குழாய்களை மாற்றி, தண்ணீரைப் பிரிக்கும் வடிகட்டி ஒன்றையும் பொருத்தினோம். தூண்டில் கழிகளைச் செருகும் குழல்களும், உயிருள்ள இரை மீனுக்குக் கடல் நீர் ஓடிக்கொண்டே இருக்கும் தொட்டியும் ஏற்கெனவே இருந்தன. லைஃப் ஜாக்கெட்டும், செயற்கைக்கோளுக்கு 406 மெகாஹெர்ட்ஸில் செய்தி அனுப்பும் ஆபத்து அறிவிப்புக் கருவியும் புதிதாக வாங்கினோம். நம் மீனவர்களுக்காக இஸ்ரோ உருவாக்கிய கருவியும் இதே வேலையைச் செய்வதுதான். தயவுசெய்து கரையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள் அப்பா.

பராமரிப்பு என்பது கரைக்கு வந்தவுடன் தொடங்குகிறது. எஞ்சின் தண்ணீர் உறிஞ்சும் சல்லடைகளின் மேல் ரப்பர் மூடிகளைப் பொருத்தி, நல்ல தண்ணீர்க் குழாயை இணைத்து, பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக ஓட விட வேண்டும். சூடேறினால் திறக்கும் தெர்மோஸ்டாட் வால்வு திறந்து உள்வழிகள் எல்லாவற்றிலும் நல்ல தண்ணீர் போய் வந்தால்தான் உப்பு கரையும். 100 மணி நேரத்துக்கு ஒரு முறை, அல்லது ஓட்டம் குறைவானாலும் வருடத்துக்கு ஒரு முறை, எஞ்சின் ஆயில், ஃபில்டர், கியர் ஆயில் எல்லாம் மாற்ற வேண்டும். தண்ணீர் பம்பின் ரப்பர் இறக்கையையும் உரிய காலத்தில் மாற்றிவிட வேண்டும். எஞ்சினுக்காகத் தானே அரிபட்டுக் கரையும் அனோடு என்னும் உலோகக் கட்டிகள் பாதி தேய்ந்ததும் புதிது போட வேண்டும். அவற்றின் மேல் பெயின்ட் அடிக்கவே கூடாது, அடித்தால் அவை வேலை செய்யாது. இன்னொன்றைத் தம்பியிடம் அழுத்திச் சொல்லுங்கள்: அடிக்கடி எஞ்சினின் காற்றாடியை (புரொப்பெல்லரை) கழற்றிப் பார்க்க வேண்டும். சென்ற முறை கழற்றியபோது, தண்டில் தூண்டில் நரம்பு ஒன்று இறுகச் சுற்றி, சீலின் உதட்டை அறுக்கத் தொடங்கியிருந்தது. வெளியிலிருந்து அது கண்ணுக்கே தெரியவில்லை.

பெர்த்தில் கோடைக்காலத்தில் நண்பகலுக்குப் பிறகு சோழகமும் கச்சானும் கலந்த தென்மேற்குத் திசையிலிருந்து பலமான காற்று எழும். வெயிலைத் தணிப்பதால் இதை 'ஃப்ரீமேண்டில் டாக்டர்' என்கிறார்கள். ஆகவே விடிவதற்கு முன்பே இறக்கி, காற்று எழுவதற்குள் திரும்பிவிடுகிறோம். புறப்படும்போது எத்தனை பேர், எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று தன்னார்வ மீட்புக் குழுவிடம் ரேடியோவில் சொல்ல வேண்டும். திரும்பியதும் மறக்காமல் மறுபடி சொல்ல வேண்டும். பெட்ரோலில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கைவசம் என்பது கணக்கு. ஃப்ரீமேண்டிலிலிருந்து ஏறத்தாழ 19 கிலோமீட்டரில் ராட்னெஸ்ட் தீவு இருக்கிறது. கோடை முடியும்போது வெதுவெதுப்பான லூயின் நீவாட்டோடு, அதாவது கடல் நீரோட்டத்தோடு, வடக்கிலிருந்து சீலா (வஞ்சிரம்) அங்கே இறங்கி வரும். ஆம் அப்பா, நம் சீலாவேதான். 90 செ.மீ.க்குக் குறைந்தால் கடலிலேயே விட்டுவிட வேண்டும். இப்படிக் கடலில் ஓடித் திரியும் பெரிய மீன்கள் எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்றுதான்.

தம்பி பார்த்திருக்கும் எஞ்சினுக்கு இப்போதே முன்பணம் கொடுக்க வேண்டாம். கம்பிரஷன் அளக்கும்போது மீட்டரின் முள் தெரியும்படி இரண்டு சிலிண்டர்களுக்கும் வீடியோ எடுத்து அனுப்பட்டும். கியர் ஆயிலை ஒரு வெள்ளைத் துணியில் ஊற்றிப் படம் எடுத்து அனுப்பட்டும். பார்த்துவிட்டுச் சொல்கிறேன். எஞ்சின் சரியாக இருந்தால், பாதிப் பணத்தை நான் அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் மகன்