வலிப்பும் சாவிக்கொத்தும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வலிப்பு நோய் பற்றிய உங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் மூளைச் செல்கள் அளவுக்கு மீறித் துடிப்பதால் வலிப்பு வருகிறது என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள், சுவாரசியமே அதற்கப்புறம்தான் இருக்கிறது.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இருந்த வில்லியம் கேட்டரல், நரம்புச் செல்லுக்குள் சோடியம் நுழையும் வாசலை, அதாவது சிக்னல் கிளம்புவதற்கான கதவை, பல பத்தாண்டுகள் ஆராய்ந்தவர். கைக்குழந்தைகளுக்கு வரும் டிராவே வலிப்பில் பெரும்பாலும் இந்தக் கதவுகளில் ஒரு வகைதான் பழுதாகியிருக்கும். கதவு குறைந்தால் சிக்னலும் குறையத்தானே வேண்டும், வலிப்பு எப்படி வரும்? 2006-ல் அவர் குழு சுண்டெலிகளில் பார்த்தபோது, அடிபட்டிருந்தது மற்ற செல்களை அடக்கி வைக்கும் செல்கள் என்று தெரிந்தது. வாத்தியார் வராத வகுப்பறை மாதிரி. வலிப்புக்கு வழக்கமாகக் கொடுக்கும் கார்பமாசெபின், சோடியம் கதவை அடைக்கும் மருந்து என்பதால், இந்தக் குழந்தைகளுக்கு வலிப்பைக் கூட்டிவிடுவதும் உண்டு.

என் தம்பிக்குச் சின்ன வயதில் வலிப்பு வந்தபோதெல்லாம் யாராவது ஓடிவந்து கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள். அவன் இறுக்கிப் பிடித்ததில் உள்ளங்கை கிழிந்த தழும்பு இன்னும் இருக்கிறது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள் என்று ஒரு பெட்டிச் செய்தி போட்டிருக்கலாம். சரி, அடுத்த வாரமாவது போடுங்கள்.

– ஒரு வாசகி, விருதுநகர்