பெரியவர் சொன்ன சாட்சியும் ஆவணம்தான்

வன உரிமைச் சட்டத்தின்படி அமைக்கப்பட்ட உட்கோட்ட, மாவட்ட அளவிலான குழுக்களின் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். சத்தியமங்கலம், அந்தியூர் மலைகளில் சோளகர், ஊராளிப் பழங்குடி மக்கள் வன உரிமை கேட்டுத் தரும் மனுக்களை எழுத உதவி வருகிறேன். அவற்றில் பல ‘போதிய ஆவணம் இல்லை’ என்ற ஒற்றை வரியோடு திரும்பி வருகின்றன. அந்த வரியைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

இந்த மக்களிடம் ஆவணம் ஏன் இல்லை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. 1882ஆம் ஆண்டு மதராஸ் வனச் சட்டப்படி காடுகள் காப்புக்காடாக மாறியபோது, உரிமை உள்ளவர்கள் கெடுவுக்குள் வந்து கோர வேண்டும், கோராத உரிமை அற்றுப்போகும் என்றார்கள். மலைமேல் ராகி விதைத்துக்கொண்டிருந்தவர்களில் எத்தனை பேருக்கு அந்த அறிவிப்பு எட்டியிருக்கும்? எழுத்தில் கோராததால் பறிபோன நிலத்துக்குத்தான் இன்று எழுத்தில் சான்று கேட்கிறோம். பழங்குடிகளுக்கு இழைக்கப்பட்ட வரலாற்று அநீதியைச் சரிசெய்யவே வந்ததாக 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் முகவுரை சொல்கிறது. அதே சட்டத்தின் பெயரால் அந்த அநீதி தொடர்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

அந்தச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில் 13ஐ எடுத்துப் பாருங்கள். அரசுப் பதிவேடுகளோடு வீடு, குடிசை, சமன்படுத்திய நிலம், வரப்பு, தடுப்பணை, பழங்கிணறு, இடுகாடு, வழிபாட்டிடம் எல்லாமே அங்கே சான்றாக வரிசையில் நிற்கின்றன. மனுதாரர் அல்லாத ஊர்ப் பெரியவர்கள் சொல்லி எழுதிக்கொண்ட வாக்குமூலமும் சான்றுதான். இப்படி ஒன்றுக்கு மேற்பட்ட சான்றுகளைப் பார்த்து முடிவெடுங்கள் என்கிறது விதி. குறிப்பிட்ட ஓர் ஆவணம்தான் வேண்டும் என்று குழு வற்புறுத்தக் கூடாது என்று 2012 திருத்தம் இன்னும் தெளிவாகச் சொல்லிவிட்டது. செயற்கைக்கோள் படம் மற்றச் சான்றுகளுக்குத் துணையாக வரலாம், அவற்றின் இடத்தைப் பிடிக்க முடியாது என்பதும் அதிலேயே இருக்கிறது.

ஒரு பெரியவர் தன் காட்டின் மேல்விளிம்புக்கு எங்களைக் கூட்டிப் போனார். உண்ணிச்செடியை விலக்கி, முன்னோர் நினைவாக நட்டிருந்த கற்களைக் காட்டினார். இது அப்பன், இது பாட்டன், இது பாட்டனுக்கு அப்பன் என்று கல்லைத் தொட்டுத் தொட்டுச் சொன்னார். எந்தக் கல்லிலும் பெயர் இல்லை. அதைப் படம் எடுத்து, இன்னும் இரு முதியவர்களின் வாக்குமூலத்தையும் சேர்த்துத்தான் மனு போட்டோம். அதுவும் அதே ஒற்றை வரியோடு திரும்பியது. கல்லைப் பார்க்க யாரும் வரவில்லை.

75 ஆண்டு வாழ்ந்ததற்குச் சான்று கொடு என்று பழங்குடிகளிடமே கேட்கிறார்கள். மூன்று தலைமுறை, 75 ஆண்டு என்ற நிபந்தனை பழங்குடி அல்லாத பிற வனவாசிகளுக்கு உரியது. பழங்குடியினர் 13.12.2005க்கு முன்பிருந்தே நிலத்தை அனுபவித்து வந்தார்கள் என்று காட்டினால் போதும். இந்த வேறுபாடுகூடத் தெரியாமல் எழுதப்படும் குறிப்புகள் உங்கள் கையெழுத்தோடு வெளியே வருகின்றன.

ஊரார் சேர்ந்து கேட்கும் பொது உரிமை மனுக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு ஊர்களின் வரைபடத்திலும் ஒரே நெல்லிக்காடு வந்துவிட்டது. இரு ஊர்ப் பெரியவர்களும் மரத்தடியில் கூடி ஒரு பகல் முழுக்கப் பேசினார்கள். யார் எப்போது காய் பறிப்பது, மாடுகளை எந்தப் பள்ளம் வரை ஓட்டுவது என்று பழைய வழக்கத்தை எல்லார் முன்னாலும் சொல்லி ஒப்புக்கொண்டார்கள், வாய்ச்சண்டை இல்லாமல் இல்லை. கடைசியில் ஒரே வரைபடத்தில் இரு ஊராரும் கைநாட்டு வைத்தார்கள். ‘எல்லைத் தகராறு உள்ளது’ என்று எழுதி அந்த மனு ஓரம் கட்டப்பட்டது. தகராறு அங்கேயே தீர்ந்துவிட்டதே! எல்லை மோதும் இடத்தில் இரு ஊர் வன உரிமைக் குழுக்களும் சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டும் என்பது விதி. அவர்களால் முடியாதபோதுதான் அது உட்கோட்டக் குழுவுக்கு வர வேண்டும்.

நிராகரிப்பு வெறும் காகிதமாக நின்றுவிடுவதில்லை. மனு தள்ளுபடியானவர்களை வெளியேற்றச் சொல்லி 2019 பிப்ரவரி 13 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே மாதம் 28ஆம் தேதி அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. இடைப்பட்ட நாட்களில் மலையூர்களில் இருந்த பயத்தைப் பார்த்தவர்கள், ஒரு மனுவை ஒற்றை வரியில் தள்ளத் துணிய மாட்டார்கள். தமிழ்நாட்டில் உரிமைப் பட்டயம் வழங்க இருந்த நீதிமன்றத் தடை நீங்கவே 2016 ஆகிவிட்டது. ஏற்கெனவே பிந்திப்போனவர்கள் இவர்கள்.

ஆகவே, சான்று குறைவு என்று தோன்றும் மனுவைத் தள்ளிவிடாதீர்கள், மறுபரிசீலனைக்குக் கிராம சபைக்கே திருப்பி அனுப்புங்கள். அப்படியும் நிராகரிக்கத்தான் வேண்டுமென்றால் ஒவ்வொரு சான்றையும் ஏன் ஏற்கவில்லை என்று காரணம் எழுதி, மனுதாரர் கையிலேயே கொடுங்கள். மேல்முறையீட்டுக்கு 60 நாள்தான் அவகாசம். காரணம் தெரியாமல் எதை எதிர்த்து மனு எழுதுவது? இதுவரை ‘போதிய ஆவணம் இல்லை’ என்று மூடிய கோப்புகளைத் திறந்து, விசாரணையை அந்தந்த ஊரிலேயே வையுங்கள். மூப்பு மேலிட்டவர்களால் பேருந்து பிடித்து உங்கள் அலுவலகத்துக்கு வர முடியாது. தேதியை முன்கூட்டியே சொல்லிவிட்டால், கற்கள் இருக்கும் இடத்துக்கு வழி காட்ட ஆள் நிற்பார்கள்.

இப்படிக்கு,
மனு எழுத உதவும் தன்னார்வலர் ஒருவர்