ஆடியில் சேர்ந்தவனும் ஆயுத பூஜைக்குச் சேர்ந்தவனும்

கிருஷ்ணகிரி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதமும் அதோடு வைத்திருந்த வண்ண அறிக்கையும் வந்து சேர்ந்தன. கடிதத்தில் முக்கால்வாசி, உன் பைக் கடையின் அரூர் கிளையில் ஆள் நிற்பதில்லை என்ற புலம்பல். தங்கச்சிக்குக் கண் அறுவை சிகிச்சை ஆயிற்றே, இப்போது பார்வை எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதக் கூடாதா? இங்கே உன் தங்கை என்னைத் துளைத்து எடுக்கிறாள்.

எங்கள் பக்கம் மாங்காய் சீசன். பெங்களூரா காய் ஏற்றிய வண்டிகள் கூழ் ஆலைகளின் வாசலில் வரிசை கட்டி நிற்கின்றன. விலை மட்டும் வழக்கம்போல ஆலைக்காரர் வாயிலிருந்து வருவதுதான். மருமகனின் சொட்டுநீர்ப் பாசனக் கடை பரவாயில்லை. ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் காலையில் அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறேன். ஓசூரில் பணியாளர் துறையில் இத்தனை வருடம் ஆள் எடுத்த பழக்கம் எங்கே விடும்? கடைக்குப் பையன்களை எடுப்பது இப்போது என் வேலையாகிவிட்டது. ஆகவே, ஓர் ஆலோசகர் விற்கும் ஆளுமைச் சோதனையை வைத்து விற்பனைக்கு ஆள் எடுக்கலாமா என்று நீ கேட்டதற்குக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

அந்த அறிக்கையின் முதல் பக்கத்தில் உன்னைப் பற்றி எழுதியிருப்பதை ஆலோசகர் 'அப்படியே புட்டுப் புட்டு வைத்துவிட்டார்' என்று வியந்திருக்கிறாய். மற்றவர்கள் மதிக்க வேண்டும் என்று விரும்புகிறவர், வெளியே உறுதியாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் சில சமயம் தயங்குகிறவர், முழுத் திறமையை இன்னும் பயன்படுத்தாதவர். அந்தப் பக்கத்தை மருமகனிடம் நீட்டி, "உங்களைப் பற்றி ஒருவர் எழுதிக் கொடுத்தார்" என்றேன். படித்துவிட்டு, "யார் மாமா அது? ரொம்ப நாள் பழகியவர் போல எழுதியிருக்கிறாரே" என்றார்.

இதை 1948-லேயே ஒருவர் செய்து காட்டிவிட்டார். பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு சோதனை வைத்தார். பிறகு ஒவ்வொருவரிடமும் அவரவர் குணச்சித்திரம் என்று ஒரு தாளைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள். அதில் பெரும்பகுதி அவர் கடையில் வாங்கிய ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தது! தர்மபுரி பஸ் நிலையத்துக் கிளி ஜோசியர் இதையே ஒரு சீட்டில் முடித்துவிடுவார். உனக்கும் செலவு குறைவு. ஆகையால், அறிக்கை உனக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து மயங்காதே. நாளைக்கு விற்கப் போகிறவனையும் விற்க மாட்டாதவனையும் அது பிரித்துக் காட்டுகிறதா என்று கேள்.

உனக்கு வந்திருப்பது ஆட்களை நான்கு வண்ணங்களாகப் பிரிக்கும் வகைச் சோதனை. அதன் வேர், வில்லியம் மார்ஸ்டன் என்பவர் 1928-ல் எழுதியவற்றில் இருக்கிறது. 'வொண்டர் வுமன்' சித்திரக்கதை நாயகியைப் படைத்தவரும் இவர்தான். அந்த விஷயத்தில் எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு. பதினாறு வகையாக ஆட்களைப் பிரிக்கும் மையர்ஸ்–பிரிக்ஸ் சோதனையும் ஊரெங்கும் நடக்கிறது. அதை வெளியிடுபவர்களே, ஆள் எடுக்க இதைப் பயன்படுத்தாதீர்கள் என்கிறார்கள். விற்பவனே வேண்டாம் என்று சொன்ன பிறகும் வாங்குவதற்கு நம் ஆட்களுக்குத்தான் மனம் வரும்.

அதற்காக எல்லாச் சோதனையும் கண்கட்டு வித்தை என்று நான் சொல்லவில்லை. வகை பிரிக்காமல், ஒரு குணம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் சோதனைகள் உண்டு. அவற்றுக்கு ஓரளவு பலன் இருக்கிறது. பாரிக், மவுண்ட் என்ற இருவர் 1991-ல் பழைய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். எடுத்த காரியத்தை ஒழுங்காக முடிக்கும் குணம் எல்லா வகை வேலையிலும் கொஞ்சம் முன்னறிவித்தது. கலகலப்பாகப் பழகும் குணம் விற்பனையிலும் மேலாளர் வேலையிலும் உதவியது. ஆனால் இதை வைத்துக்கொண்டு வாயாடிகளை எல்லாம் அள்ளிப் போட்டுவிடாதே. உளவியலாளர் ஆடம் கிராண்ட் 2013-ல் தொலைபேசியில் விற்கும் 340 பேரைப் பார்த்தார். அதிகம் பேசிப் பழகுகிறவர்களும் சரி, அடங்கி இருப்பவர்களும் சரி, இரண்டுக்கும் நடுவே இருந்தவர்கள் அளவுக்கு வருமானம் கொண்டுவரவில்லை. மெட்லைஃப் காப்பீட்டு நிறுவனத்தில் உளவியலாளர் மார்ட்டின் செலிக்மனும் அவருடைய சகாவும் நடத்திய ஆய்வு 1986-ல் வெளியானது. தோல்வியைத் தன் தலையெழுத்து என்று எடுத்துக்கொள்ளாத முகவர்கள், அப்படி எடுத்துக்கொண்டவர்களைவிட முதல் இரண்டு வருடங்களில் 37 சதவீதம் அதிகமாக விற்றார்கள். நாளெல்லாம் 'வேண்டாம்' என்ற பதிலையே கேட்கும் வேலைக்கு அது பொருத்தமாகத்தான் படுகிறது.

இப்போது பி.காம். புள்ளியியல் தாளை நினைவுக்குக் கொண்டுவா. ஒட்டுறவுக் கெழு என்று கரும்பலகை நிறைய எழுதிப் போடுவாரே நம் பேராசிரியர், அதுதான் இங்கேயும் கணக்கு: சோதனை மதிப்பெண்ணும் வேலைத் திறமையும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று சொல்லும் எண். பூஜ்யம் என்றால் சம்பந்தமே இல்லை. ஒன்று என்றால் அச்சுப் பிசகாமல் சொல்லிவிடும். நல்ல சோதனைக்கு 0.3 கிடைத்தால் பெரிய விஷயம். சோதனையில் மேல் பாதியில் வந்த நூறு பேரில், வேலையிலும் மேல் பாதியில் வருகிறவர்கள் சுமார் 60 பேர் என்பதுதான் 0.3-க்குப் பொருள். காசைச் சுண்டிப் போட்டால் 50 பேர். அந்தப் பத்துப் பேர் வித்தியாசம், வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் ஆள் எடுக்கும் வங்கிக்குக் கோடிக்கணக்கில் பணம். உனக்கு?

உனக்கு இன்னொரு சங்கடம் இருக்கிறது. மூன்று இடத்துக்கு நான்கு பேர்தான் விண்ணப்பித்தார்கள் என்று நீயே எழுதியிருக்கிறாய். சோதனையின் பலன், எத்தனை பேரை விலக்க முடிகிறது என்பதைப் பொறுத்தது. டெய்லர், ரஸ்ஸல் என்பவர்கள் 1939-லேயே இதற்கு அட்டவணை போட்டுவிட்டார்கள். சோதனை இல்லாமல் எடுத்தாலே பாதிப் பேர் தேறுகிற வேலை என்று வைத்துக்கொள்; அதே 0.3 சோதனையை வைத்து நூறு பேரில் பத்துப் பேரை மட்டும் எடுத்தால், அவர்களில் 71 சதவீதம் தேறுவார்கள். நூறில் எழுபத்தைந்து பேரை எடுத்தால் தேறுவது 55 சதவீதம். நாலுக்கு மூன்று என்பது அந்த எழுபத்தைந்துதான். ஆலோசகருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கொடுக்கிற பணத்தை விளம்பரத்தில் போடு. பென்னாகரம், பாப்பிரெட்டிப்பட்டி, பாலக்கோடு எல்லா இடத்திலும் நோட்டீஸ் ஒட்டு. பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்த பையன்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்! இருபது பேர் வரட்டும், பிறகு பார்க்கலாம்.

இதையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்த ஆலோசகரும் கேட்கவில்லை, நீயும் எழுதவில்லை. நல்ல விற்பனையாளன் என்று நீ யாரைச் சொல்கிறாய்?

அமெரிக்காவில் 1998-ல் விஞ்சரும் அவர் சகாக்களும் விற்பனையாளர்களைப் பற்றிய ஆய்வுகளை மட்டும் தொகுத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு அது. அறிவுக்கூர்மைச் சோதனையில் நன்றாகச் செய்தவர்களுக்கு மேலதிகாரிகள் நல்ல மதிப்பெண் போட்டிருந்தார்கள். உண்மையான விற்பனைக் கணக்கை எடுத்துப் பார்த்தபோது அந்தச் சம்பந்தம் ஏறக்குறைய காணாமல் போயிற்று. சாதிக்க வேண்டும் என்ற முனைப்போ, விற்பனைக் கணக்கில் அறிவுக்கூர்மையைவிட எவ்வளவோ மேலே நின்றது. கெட்டிக்காரத்தனமாகப் பேசுகிறவனை அதிகாரிக்குப் பிடித்துவிடுகிறது. ரசீதுப் புத்தகத்துக்குப் பிடிப்பதில்லை.

சரி, அப்படியானால் ரசீதுப் புத்தகத்தையே நம்பலாமே என்பாய். அதுவும் கோணல்தான். பாலக்கோட்டில் உன் ஆள் மாதா மாதம் டார்கெட்டைத் தாண்டுகிறான் என்று அவனுக்குத் தங்கக் காசு கொடுத்தாய். அந்த மாதங்களில் தக்காளி என்ன விலை போயிற்று என்று பார்த்தாயா? பெட்டி நல்ல விலைக்குப் போனால் அங்கே பைக் தானாக விற்கும். மானாவாரியாக நிலக்கடலை போட்டுவிட்டு வானத்தைப் பார்க்கும் ஊர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கும் பையன் தலைகீழாக நின்றாலும் அந்த எண்ணைத் தொட முடியாது. ஆடி மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தவன் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பான், ஒருவரும் வண்டி எடுக்க மாட்டார்கள். ஆயுத பூஜைக்குச் சற்று முன்னால் சேர்ந்தவனோ, மாலை போட்டுச் சாவி கொடுத்தே கை ஓய்ந்துபோவான். முதல் மூன்று மாத விற்பனையை வைத்து முதலாமவனை அனுப்பிவிட்டு இரண்டாமவனை நிரந்தரம் ஆக்கினால், நீ தேர்ந்தெடுத்தது ஆளை அல்ல, பஞ்சாங்கத்தை.

எந்தச் சோதனையாக இருந்தாலும், அது சரியா என்று இந்த எண்களோடு ஒப்பிட்டுத்தானே சொல்ல வேண்டும்? 'உங்கள் கடை ஆட்களை வைத்தே நிரூபித்துக் காட்டுகிறேன்' என்று ஆலோசகர் சொல்கிறாராம். உன்னிடம் இருப்பது பன்னிரண்டு பேர். பன்னிரண்டு பேரை வைத்துக் கெழு போட்டால், 0.58-க்குக் கீழே வரும் எதையும் தற்செயல் என்று ஒதுக்கிவிட வேண்டியதுதான். 0.3 பலன் உள்ள சோதனையைக்கூட அந்தக் கூட்டத்தில் அடையாளம் காண முடியாது.

என்ன செய்யலாம் என்று கேட்பாய். நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். வேலையில் ஒரு துண்டைக் கொடுத்துச் செய்யச் சொல்கிறோம். போன மாதம் இரண்டு பையன்கள் வந்திருந்தார்கள். சூளகிரிப் பக்கத்து விவசாயியாக நானே எதிரே உட்கார்ந்து, "ரெண்டு ஏக்கர் இருக்கு, கொத்தமல்லி போடறேன், சொட்டுநீர் போடலாமான்னு யோசனை" என்றேன். முதல் பையன் நன்றாக உடுத்தியவன். சிறு, குறு விவசாயிக்கு நூறு சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75 சதவீதம், குழாய் எத்தனை வருடம் உழைக்கும் என்று மளமளவென்று ஒப்பித்தான். எல்லாம் சரியான தகவல். இரண்டாமவன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "கிணறா, போரா? எத்தனை இஞ்ச் தண்ணி வருது?" என்றான். அடுத்து, "பட்டா உங்க பேர்லயா, அப்பா பேர்லயா?" நான் அப்பா பெயரில் என்றதும், முதலில் அதைச் சரி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் மானியத்துக்கு அலைய வேண்டியிருக்கும் என்று சிட்டாவில் தொடங்கினான். வேப்பனப்பள்ளிப் பக்கம் போனால் தெலுங்கிலும் சமாளிப்பான் என்பது பிறகுதான் தெரிந்தது. எந்த வண்ணத்தில் அவன் வருவான் என்று எனக்குத் தெரியாது.

இதோடு, எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்டு, பதிலுக்கு அங்கேயே மதிப்பெண் போடுகிறோம். நானும் மருமகனும் தனித்தனியாகப் போட்டுவிட்டுப் பிறகுதான் ஒப்பிடுவோம். 2022-ல் சாக்கெட்டும் அவர் சகாக்களும் பழைய ஆய்வுக் கணக்குகளைத் திருத்திப் பார்த்ததில், இப்படிக் கட்டுக்கோப்பாக நடத்தும் நேர்காணல்தான் அதே கெழுவில் 0.42 என்று முதலிடத்தில் நின்றது. 'சொந்த ஊர் எது, அப்பா என்ன செய்கிறார்' என்று போகிற போக்கில் பேசி எடுப்பதற்கு 0.19. நீ எந்த ரகம் என்று நான் சொல்லத் தேவையில்லை. போன தடவை ஒருவனை அவன் தாத்தா நம் கல்லூரி வாட்ச்மேன் என்பதற்காகவே எடுத்தாய்.

ஆலோசகரை அடியோடு விரட்டவும் வேண்டாம். கடைசிச் சுற்றில் நிற்கும் இரண்டு மூன்று பேருக்கு மட்டும் ஒழுங்கான ஆளுமைச் சோதனை கொடுக்கட்டும். அதில் வருவதை நேர்காணலில் என்ன கேட்கலாம் என்பதற்கு வைத்துக்கொள். ஆனால் கொடுப்பதற்கு முன் அவரிடம் கேள்: அதே ஆளுக்கு மாதம் கழித்து வைத்தால் அதே மதிப்பெண் வருமா? தமிழில் மொழிபெயர்த்த பிறகு யாரிடமாவது சரிபார்த்தார்களா? 'நூறில் எண்பதுக்கு மேல்' என்று போடுகிறாரே, அந்த நூறு பேர் யார், மும்பையில் பட்டம் படித்தவர்களா, அரூரில் பன்னிரண்டாவது முடித்தவர்களா? 'எடுத்த வேலையை முடிக்காமல் விடமாட்டேன்' என்ற வாக்கியத்துக்கு வேலை கேட்டு வந்தவன் எவன் 'இல்லை' என்று குறிப்பான்? அதற்கு அவரிடம் என்ன வழி இருக்கிறது? இந்த நாலுக்கும் பதில் இருந்தால் எனக்கும் அவர் தொலைபேசி எண்ணைக் கொடு.

கிளைவாரியாக, மாதவாரியாக விற்பனைக் கணக்கை எடுத்து அனுப்பு. சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் அதில் இருக்க வேண்டும். ஒவ்வொரு ஆளையும் அதே கிளையில் போன வருடம் அதே மாதம் விற்றதோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்கிறேன். அரூரில் ஆள் நிற்காததற்குப் பையன்கள் காரணமா, நீ வைத்திருக்கும் டார்கெட் காரணமா என்பதும் அப்போது தெரிந்துவிடும். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, கணக்கு வராமல் எழுத மாட்டேன்.

மாங்கனிக் கண்காட்சிக்குத் தங்கச்சியையும் அழைத்துக்கொண்டு வா. டாக்டர் வெயிலில் போகலாம் என்று சொல்லியிருந்தால் மட்டும். மல்கோவா பழுக்க வைத்திருக்கிறோம், ஒரு பெட்டி உன் கணக்கு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்